நெல் நாட்டில் பிறந்த பந்தய வீரர்: டாட்சியோ நுவோலாரி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

தஞ்சை மண்ணில் பிறந்தவனுக்கும் கார்ப் பந்தயத்துக்கும் என்ன உறவு என்று தலைப்பைக் கண்ட நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம்தான். கோயில் திருவிழாக்களை ஒட்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் சாலைகளில் பெரிய மாடு, கரிச்சான் மாடு என்று பிரித்து வண்டிகளை விடுவார்கள். மாட்டின் சொந்தக்காரர் ஒருவர். வண்டியை ஓட்டும் சாரதி வேறொருவர். போன ஆண்டு ஒருவருடைய மாட்டை ஓட்டிய சாரதி இந்த ஆண்டு வேறொருவர் வண்டியில் ஏறிவிட்டால், டீக்கடையில் அந்தப் பேச்சு ஓய ஒரு மாதம் ஆகும்.

அந்தப் பேச்சின் வலி எங்கள் வீட்டுக்கும் தெரியும். என் தந்தையார் டிராக்டர் ஓட்டுநர். பதினேழு ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் ஓட்டினார். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, புதிதாக அறுவடை இயந்திரம் வாங்கிய வேறொருவர் அழைக்க, அங்கே போய்விட்டார். பழைய டிராக்டர் பாதி நாள் பட்டறையிலேயே கிடந்தது. கூலியும் பாதியாகத்தான் வந்தது. ஆனால் ஊர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உப்பிட்டவரை மறந்தவர் என்றார்கள். பழைய முதலாளி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் விடுதிக் கட்டணமும் பேருந்துச் செலவும் அந்தப் புதிய இயந்திரத்தின் கூலியிலிருந்துதான் வருகின்றன. ஆகவே, வண்டி மாறிய ஓட்டுநர் ஒருவருடைய வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தபோது என்னால் அதைச் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. அவர்தான் டாட்சியோ நுவோலாரி.

இத்தாலி நாட்டின் வடபகுதியில் போ என்னும் பேராறு ஓடுகிறது. அதன் சமவெளியில் மாந்துவா என்ற பழைய நகரம் உள்ளது. அதனருகே காஸ்டெல் தாரியோ என்ற சிற்றூர். நெல் விளையும் ஊர் அது! இத்தாலியர் என்றால் கோதுமைப் பண்டம் உண்பவர் என்று மட்டுமே எண்ணியிருந்த எனக்கு இது பெரிய வியப்பு. அந்த ஊரின் பெயர்பெற்ற உணவு இறைச்சி சேர்த்துக் கிளறிய சோறு. உரலில் நெல் குற்றிய தொழிலாளர்களின் பெயரால் அந்தச் சோறு அழைக்கப்படுகிறது. உரலுக்கு அவர்கள் மொழியில் பிலா என்று பெயர். அதில் வேலை செய்தவரை பிலோட்டா என்றார்கள். வண்டி ஓட்டுபவரையும் அதே மொழியில் பிலோட்டா என்றுதான் சொல்கிறார்கள். நெல் குற்றுபவருக்கும் பந்தய வீரருக்கும் ஒரே சொல்!

அந்த ஊரில் 1892 நவம்பர் 16 அன்று நுவோலாரி பிறந்தார். தந்தை அர்த்தூரோ விவசாயி; சைக்கிள் பந்தயத்திலும் ஈடுபட்டவர். தந்தையின் உடன்பிறந்தாரான ஜுசெப்பே அந்நாட்டின் சைக்கிள் சாம்பியனாகவே விளங்கியவர். சிறுவனுக்குச் சக்கரத்தின் மீது ஆசை பிறந்தது அங்கேதான். முதல் உலகப் போரில் இராணுவ வண்டி ஓட்டினார். அப்போது ஒரு வண்டியைச் சாலையை விட்டுக் கீழே இறக்கிவிட்டார் என்றும், ஓட்டுவது உனக்கு வராது, விட்டுவிடு என்று மேலதிகாரி அறிவுரை சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் புகழ் பெற்ற எல்லோருக்கும் இப்படியொரு கதை ஒட்டிக்கொள்கிறது என்பதால் இதை நான் பாதிதான் நம்புகிறேன்.

1920-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. திருமணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. இருபத்தேழு வயதில் ஒன்றும் ஆகவில்லையென்றால் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்த வயதில் அவர் தொடங்கினார். 1925-இல் பியாங்கி மோட்டார் சைக்கிளில் 350 சி.சி. பிரிவில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் அவரை மோன்சா பந்தயப் பாதையில் கார் ஓட்டிப் பார்க்கச் சொன்னது. கார் தடம் புரண்டு பலத்த காயம். மருத்துவர்கள் படுக்கச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள், உடம்பெல்லாம் கட்டுகளோடு, மற்றவர்கள் தூக்கி வண்டியில் உட்கார வைக்க, அதே மோன்சாவில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை வென்றார்.

ஆனால் ஆல்ஃபா அப்போது அவரை எடுத்துக்கொள்ளவில்லை. தாமே புகாட்டி கார்களை வாங்கி ஓர் அணியைத் தொடங்கினார். கூட்டாளியாக வந்தவர் அக்கீலே வார்ட்சி. இருவரும் மோட்டார் சைக்கிள் காலத்துப் போட்டியாளர்கள். வார்ட்சி நெசவாலை முதலாளியின் மகன், பணத்துக்குக் குறைவில்லை. 1928-இல் கூட்டை முறித்துக்கொண்டு, இன்னும் வேகமான ஆல்ஃபா காரைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். நுவோலாரி பழைய புகாட்டியோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். யாரும் வார்ட்சியை நன்றி கெட்டவர் என்று சொன்னதாகத் தெரியவில்லை. காசு உள்ளவன் வண்டி மாறினால் அது சாமர்த்தியம். இல்லாதவன் மாறினால்தான் துரோகம் போலும்.

1930-இல் ஆல்ஃபா நுவோலாரியை அழைத்தது. ஆயிரம் மைல் தூரம் பொதுச் சாலைகளில் ஓடும் மில்லே மிலியா பந்தயத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகம் கண்ட முதல் வீரர் ஆனார். விடியற்காலை இருட்டில் விளக்குகளை அணைத்துவிட்டு வார்ட்சியின் பின்னால் பதுங்கி வந்து திடீரென்று முந்தினார் என்று இந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு பெருங்கதை சொல்கிறார்கள். வார்ட்சி புறப்பட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் நுவோலாரி புறப்பட்டார். அவரை எட்டிப் பிடித்தபோதே நேரக் கணக்கில் வென்றாகிவிட்டது. விளக்கை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் கதைக்கு விளக்கை அணைத்தால்தான் அழகு.

இங்கே என் பாடத்தை ஒட்டி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வளைவில் கார் வழுக்கத் தொடங்கினால் மற்றவர்கள் அஞ்சினார்கள். இவரோ வளைவுக்கு முன்பே காரைக் குறுக்காகத் திருப்பி, நான்கு சக்கரமும் சேர்ந்தாற்போல் வழுக்கும்படி விட்டு, வேகத்தைக் குறைக்காமல் விசைமிதியாலேயே காரைத் திருப்பினார். சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நிற்பவன் பாதுகாப்பாக மெதுவாகப் போவான். எல்லையைத் தாண்டியவன் பள்ளத்தில் போவான். நுவோலாரி அந்த எல்லையின் மேலேயே குடியிருந்தார். சேற்றுழவில் டிராக்டர் வழுக்கும்போது ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்காமல் போக்குக்கு விட்டுத் திருப்புவதை என் தந்தையார் செய்யப் பார்த்திருக்கிறேன். வேகம் வேறு, விதி ஒன்றுதான்.

1932 அவருடைய பொற்காலம். மொனாக்கோ, இத்தாலி, பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயங்களை வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனார். ஐரோப்பிய சாம்பியன் பட்டம் 1931-இல்தான் தொடங்கியிருந்தது. இன்றைய ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்துக்கு அதை மூதாதை எனலாம். சக்கரங்கள் உடலுக்கு வெளியே தெரியும் பந்தயக் கார்கள்தான் அதில் ஓடின. அதே ஆண்டு கவிஞர் தனுன்சியோ அவருக்குத் தங்கத்தில் செய்த சிறு ஆமை ஒன்றைப் பரிசளித்தார். மிக வேகமான மனிதருக்கு மிக மெதுவான பிராணி என்பது கவிஞரின் கருத்து. அன்று முதல் மஞ்சள் நிறச் சட்டையும் அதில் ஆமைச் சின்னமுமாகவே அவர் ஓட்டினார்.

அடுத்த ஆண்டே தலைவலி தொடங்கியது. பணமுடையால் ஆல்ஃபா தன் புதிய கார்களைப் பூட்டி வைத்துவிட்டது. ஆல்ஃபாவுக்காக அணியை நடத்திவந்தவர் என்சோ ஃபெராரி. பின்னாளில் உலகமே அறிந்த அதே ஃபெராரிதான். அவரிடம் பழைய கார்கள்தாம் இருந்தன. இருவருக்கும் மனத்தாங்கல் முற்ற, 1933-இன் நடுவில் நுவோலாரி மாசெராட்டி காருக்கு மாறினார். மாறிய கையோடு பெல்ஜியம் பந்தயத்தை வென்றார். 1934-இல் அலெசாந்திரியாவில் கார் மரத்தில் மோதிக் கால் முறிந்தது. மாவுக்கட்டு பிரிக்கும் முன்பே, எல்லா மிதிகளையும் இடது காலாலேயே இயக்கும்படி மாற்றியமைத்துக்கொண்டு பெர்லினில் ஓட்டினார். இதை வீரம் என்று பாராட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதற்குள் செர்மனியில் இட்லர் ஆட்சி வந்துவிட்டது. மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் அரசு பணம் கொடுத்தது. செர்மானியக் கார்களை மற்றவர்களால் நெருங்கவே முடியவில்லை. இன்று ஆடி காரின் முகப்பில் நாம் காணும் நான்கு வளையங்கள் அந்த ஆட்டோ யூனியனுடைய சின்னம்தான். நான்கு நிறுவனங்கள் சேர்ந்ததன் அடையாளம். நுவோலாரி அங்கே போகவே விரும்பினார். ஆனால் அங்கே முன்பே இடம் பிடித்திருந்த வார்ட்சி அதை விரும்பவில்லை. எனவே 1935-இல் மீண்டும் ஃபெராரியிடமே திரும்பினார். இத்தாலியில் முசோலினி ஆட்சி. நாட்டின் மிகச் சிறந்த வீரர் நாட்டின் காரைத்தான் ஓட்ட வேண்டும் என்ற நெருக்குதல் மேலிடத்திலிருந்தே வந்தது.

அந்த ஆண்டு சூலை 28 அன்று செர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் நடந்ததைத்தான் எல்லோரும் அவருடைய வாழ்வின் சிகரமாகச் சொல்கிறார்கள். எதிரே ஒன்பது செர்மானியக் கார்கள். இவரிடமோ காலங்கடந்த ஆல்ஃபா. வயது நாற்பத்திரண்டு. நடுவில் எரிபொருள் நிரப்ப நிறுத்தியபோது பம்பு உடைந்து, டின்னிலிருந்து ஊற்ற வேண்டியதாகி, இரண்டு நிமிடத்துக்கு மேல் வீணாயிற்று. அதன் பிறகு ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்றில் முன்னால் இருந்தவர் மெர்சிடிஸ் வீரர் பிராகித்ஷ். பின்னால் நெருங்கிவரும் சிவப்புக் காருக்கு அஞ்சி அவர் விரட்ட, தேய்ந்த டயர் வெடித்தது. செர்மானிய அதிகாரிகளும் பெருங்கூட்டமும் வாயடைத்து நிற்க, நுவோலாரி முதலில் வந்தார்.

இக்கதையைப் படித்த எவரும், திறமை இருந்தால் போதும், இயந்திரம் எதற்கு என்று கேட்பார்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 1936-இல் புடாபெஸ்ட், நியூயார்க் எனச் சில வெற்றிகள். 1937-இல் ஆல்ஃபா கார்கள் அடியோடு பின்தங்கின. அதே ஆண்டு சூன் மாதம், பந்தயத்துக்காக அமெரிக்காவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, மூத்த மகன் ஜார்ஜியோ இதய நோயால் இறந்த செய்தி நடுக்கடலில் அவரை எட்டியது. பிள்ளைக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. கப்பலைத் திருப்ப முடியுமா? அவர் போனார், ஓட்டினார், திரும்பினார்.

1938 சனவரி 28 அன்று ஆட்டோ யூனியனின் முதன்மை வீரர் ரோசெமேயர், நெடுஞ்சாலையில் வேகச் சாதனைக்கு முயன்று உயிரிழந்தார். வார்ட்சியோ மார்பின் பழக்கத்துக்கு அடிமையாகி முன்பே விலகிப் போயிருந்தார். அந்த அணியின் கார் விசித்திரமானது. எல்லாருடைய காரிலும் முன்னால் இருக்கும் எஞ்சின் இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வழுக்கினால் வால்பகுதி சட்டென்று சுழலும். பழைய கார் ஓட்டுநர்கள் பலர் அதில் திணறினார்கள். பிடித்துக்கொண்டவர்களில் பலர் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவர்கள்: ரோசெமேயர், பின்னர் வந்த முல்லர், மையர். வேறு கார்ப் பழக்கம் அவர்கள் உடம்பில் ஊறாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆளைத் தேடி அந்த அணி நின்ற அதே வேளையில், ஏப்ரல் மாதம் போ நகரில் (பிரான்சு நாட்டு ஊர், மேலே சொன்ன ஆறு அன்று) பயிற்சி ஓட்டத்தின்போது நுவோலாரியின் புதிய ஆல்ஃபா தீப்பற்றியது. தீக்காயங்களோடு குதித்துத் தப்பினார். இனி ஆல்ஃபாவை ஓட்டுவதில்லை என்று சூளுரைத்தார். சில மாதங்களில் ஆட்டோ யூனியனில் சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதில், பழக்கமில்லாத காரில், செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவிலும் அக்டோபரில் இங்கிலாந்தின் டோனிங்டனிலும் வென்றார். டோனிங்டன் பயிற்சியில் குறுக்கே பாய்ந்த மான் ஒன்று காரில் மோதி இறந்தது. அதன் தலையை நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டுபோனார்.

நாட்டை விட்டுப் பிற நாட்டு அணிக்குப் போனது சரியா? தந்தையாரின் நினைவால் நான் முதலில் அவர் பக்கமே நின்றேன். எரியும் காரில் ஏறச் சொல்ல எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த இடம் எது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அந்த அணிகளின் வெற்றி ஒவ்வொன்றும் இட்லர் அரசின் விளம்பரம். இதில் அவரை நான் நியாயப்படுத்தவில்லை. அரசியல் அவருக்குத் தெரியாது என்று எழுதுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

1939 வந்தது. ஐரோப்பிய சாம்பியன் பட்டத்துக்கு அதுவே இறுதி ஆண்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பெல்ஜியம், பிரான்சு, செர்மனி, சுவிட்சர்லாந்து என நான்கே பந்தயங்கள். தோற்றுத் தோற்று அலுத்த இத்தாலியர்கள், தங்கள் நாட்டுப் பந்தயங்களை எல்லாம் 1,500 சி.சி. சிறு கார்களுக்கு என்று மாற்றிவிட்டார்கள். செர்மனியிடம் அந்த அளவில் கார் இல்லை என்ற தைரியம். மெர்சிடிஸ் சில மாதங்களில் இரகசியமாக இரண்டு சிறு கார்களைச் செய்து, மே மாதம் திரிப்போலியில் கொண்டுவந்து இறக்கி முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது! ஃபெராரியே அந்த ஆண்டு ஆல்ஃபாவை விட்டு வெளியேறினார். நுவோலாரி இத்தாலிய அணியிலேயே இருந்திருந்தால் அந்த ஆண்டு பெரிய பந்தயங்களில் ஓட்டத் தக்க கார் இருந்திருக்காது.

மெர்சிடிஸ் அணிக்குள்ளும் புகைச்சல். அங்கே மின்னல்போல் எழுந்தவர் எர்மன் லாங். அவர் அதே நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்தவர். பந்தய வீரர்களின் காரைத் துடைத்தவர். மூன்று முறை ஐரோப்பிய சாம்பியனான கராச்சியோலாவுக்கும், உயர்குடியில் பிறந்த பிராகித்ஷுக்கும் இது செரிக்கவில்லை. லாங்குக்கே நல்ல எஞ்சின் தருகிறார்கள் என்று கராச்சியோலா நிர்வாகத்துக்குக் கடிதமே எழுதினார். முதல் தலைமுறையாக மேலே வருபவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அணியின் நான்காம் வீரர் ஆங்கிலேயரான சீமன். முந்திய ஆண்டு செர்மனிப் பந்தயத்தையே வென்றவர். சூன் 25 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், மழையில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது மரத்தில் மோதி, கார் தீப்பற்றி, அன்றிரவே இறந்தார். அந்தப் பந்தயம் லாங்குக்கு.

ஆட்டோ யூனியனில் நுவோலாரியோடு ஸ்டுக், ஆசே, முல்லர் ஆகியோர் இருந்தனர். புதிதாக வந்தவர் மையர். இவர் அதே சூன் மாதம் மான் தீவில் நடக்கும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதன்மைப் பிரிவை பி.எம்.டபிள்யூ. வண்டியில் வென்றுவிட்டு, சில நாளில் காரில் ஏறியவர். சூலையில் பிரான்சில் மெர்சிடிஸ் கார்கள் மூன்றும் நின்றுபோக, முல்லர் முதலிடமும் மையர் இரண்டாமிடமும் பெற்றார்கள். செர்மனியில் கராச்சியோலா, சுவிட்சர்லாந்தில் மறுபடி லாங். நம் நுவோலாரிக்கோ முதல் மூன்றிலும் கார் பாதியில் நின்றது. நான்காவதில் ஐந்தாம் இடம். 1932-இல் பட்டம் வென்றவர், அதன் கடைசி ஆண்டில் தம் அணியின் இளைஞர்களுக்குப் பின்னால் வந்தார்.

பட்டம் யாருக்கு? இன்று வரை பதில் இல்லை. அக்காலப் புள்ளிமுறை தலைகீழானது. முதலிடத்துக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, வராதவனுக்கு அதிகம். குறைந்த புள்ளி பெற்றவரே சாம்பியன். அந்தக் கணக்கில் முல்லருக்கு 12, லாங்குக்கு 14. அதன்படி இரண்டு பந்தயம் வென்ற லாங்கை ஒரே ஒரு பந்தயம் வென்ற முல்லர் முந்திவிடுகிறார். செர்மானிய அதிகாரிகளோ லாங்தான் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டார்கள். பட்டத்தை வழங்க வேண்டிய உலகச் சங்கம் கூடி முடிவெடுக்கவில்லை. அதற்குள் போர் வந்துவிட்டது.

போர் தொடங்கிய அந்த நாட்களில்தான் நுவோலாரியின் கடைசிப் பெரிய வெற்றி. பட்டக் கணக்கில் சேராத பந்தயம் ஒன்று 1939 செப்டம்பர் 3 அன்று யுகோசுலாவியாவின் பெல்கிரேடு நகரில், கோட்டையைச் சுற்றிய தெருக்களில் நடந்தது. செப்டம்பர் 1 அன்று செர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்துவிட்டது. மூன்றாம் தேதி பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன. அதே நாளில், நம் மக்களை ஒரு வார்த்தை கேட்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். பெல்கிரேடில் பிராகித்ஷ் விமானம் ஏறி நழுவப் பார்த்தார். அணித்தலைவர் நொய்பவர் போய் இறக்கிக் கூட்டிவந்தார். ஓடியவை ஐந்தே கார்கள்: இரண்டு மெர்சிடிஸ், இரண்டு ஆட்டோ யூனியன், உள்ளூர்க்காரர் ஒருவருடைய பழைய புகாட்டி. சிதறிய கல் ஒன்று லாங்கின் கண்ணாடியை உடைத்துக் கண்ணைப் பாதிக்க, அவருக்குப் பதிலாக ஏறிய பொய்மர் காரை மோதினார். ஐம்பது சுற்றுகளின் முடிவில் நுவோலாரி முதலில் வந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

ஐந்தே காரில் வென்றது ஒரு வெற்றியா என்று கேட்கலாம். 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் டயர்ச் சிக்கலால் மற்றவர்கள் விலக, ஆறே கார்கள் ஓடின. அதில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். அவர் ஓட்டிய ஜோர்டான் அணிக்கும் அதுவே கடைசி ஆண்டு. மீதியுள்ள காரில் ஏறி முடிவுவரை ஓட்டுவதும் ஓர் ஓட்டுநரின் வேலைதான்.

போருக்குப் பின் ஆட்டோ யூனியன் தொழிற்சாலை சோவியத் படையின் பகுதிக்குள் அகப்பட்டது. பந்தயக் கார்களை அவர்கள் எடுத்துப் போனார்கள். 1946-இல் நுவோலாரியின் இரண்டாம் மகன் ஆல்பெர்ட்டோவும் சிறுநீரக நோயால் இறந்தான், பதினெட்டு வயது. வீட்டில் இருக்க முடியாமல்தானோ என்னவோ, தந்தை மறுபடி காரில் ஏறினார். பல்லாண்டு சுவாசித்த எரிபொருள் புகையால் நுரையீரல் கெட்டிருந்தது. ஓட்டும்போதே இரத்தம் கக்கினார். அதே 1946-இல் தூரின் நகரில் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் சக்கரமே கழன்று கையோடு வந்துவிட்டது. அதைக் கூட்டத்துக்குக் காட்டியபடி, தண்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

1948 மில்லே மிலியாவுக்கு அவரிடம் கார் இல்லை. கொடுத்தவர் யார் என்றால், ஃபெராரி! இருமுறை விட்டுப் போன ஓட்டுநருக்குத் தம் பெயரிலேயே செய்த காரைக் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயது நோயாளி எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். மட்கார்டு போயிற்று, எஞ்சின் மூடி பறந்தது, கடைசியில் ரெஜியோ எமிலியா அருகே வில் முறிந்து கார் நின்றது. வென்றிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும். வெல்லவில்லை.

1950 ஏப்ரல் 10 அன்று சிசிலியில் ஒரு மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டியதே கடைசி. அடுத்த மாதம் 13-ஆம் தேதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் உலகப் பட்டத்தின் முதல் பந்தயம் நடந்தது. ஒரு மாத இடைவெளியில் அவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டார். 1953 ஆகஸ்டு 11 அன்று மாந்துவாவில், தம் வீட்டுக் கட்டிலில் இறந்தார். பல்லாயிரம் பேர் ஊர்வலத்தில் வந்தார்கள். பெட்டியை ஒரு காரின் அடிச்சட்டத்தில் வைத்து, அஸ்காரி, வில்லோரேசி, ஃபாஞ்சியோ ஆகிய பெரும் வீரர்கள் கையால் தள்ளிச் சென்றார்கள்.

சென்ற சம்பா அறுவடை விடுமுறையில் இந்தக் கதையைத் தந்தையாரிடம் முழுதாகச் சொன்னேன். இயந்திரத்தின் அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டே கேட்டார். நூர்பர்க்ரிங் வெற்றிக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டியரிங் கழன்ற இடத்தில் மட்டும் எழுந்து உட்கார்ந்து, தண்டை எப்படிப் பிடித்திருப்பார் என்று கையால் திருப்பிப் பார்த்தார். முடிவில் ஒரே கேள்வி கேட்டார்: சாவுக்கு அந்தப் பழைய முதலாளி வந்தாரா?

வந்தார் என்றேன். செய்தி கேட்டதும் ஃபெராரி தாமே காரை ஓட்டிக்கொண்டு மாந்துவாவுக்குப் புறப்பட்டதையும், வழி தவறிக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டதையும், வண்டி எண்ணைப் பார்த்து வெளியூர்க்காரர் என்று அறிந்த அந்தக் கடைக்காரர் வந்ததற்கு நன்றி சொன்னதையும் சொன்னேன். தந்தையார் தலையை ஆட்டினார். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, விடிவதற்குள் இயந்திரம் மன்னார்குடிப் பக்கம் போக வேண்டும், டீசல் கேனை எடுத்து வா என்று என்னை அனுப்பினார்.